சூயஸ் கால்வாயும் எகிப்தின் உரிமையும்

சட்டம் பயிலவும் மருத்துவம் பயிலவும் கப்பலேறி இலண்டன் சென்ற நம் பாட்டனார் தலைமுறையினர்க்குச் சூயஸ் என்பது பயணத்தின் நடுவே வரும் ஒரு நாள். பம்பாயிலோ கொழும்பிலோ கப்பலேறி, ஏடனைக் கடந்து, செங்கடலின் வெப்பத்தைத் தாங்கி வந்தவர்கள், இருபுறமும் மணல்வெளி விரிந்து கிடக்க, நடுவே கப்பல் மெல்ல ஊர்ந்து செல்லும் அந்த 160 கிலோமீட்டர் நீர்வழியைக் கண்டு வியந்தனர். மனித முயற்சியின் மாண்புக்குச் சான்று எனப் போற்றினர். அவர்கள் போற்றியதில் தவறில்லை. இலண்டனிலிருந்து பம்பாய்க்கு வரும் கடல்வழியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் குறைத்த கால்வாய் அது.

ஆயின் கப்பலின் மேல்தளத்தில் நின்றவர் கண்ட கால்வாய் வேறு. கரையில் நின்ற எகிப்திய உழவன் கண்ட கால்வாய் வேறு. அவன் மண்ணில், அவன் பாட்டன் தோண்டிய வழியில், அவனுக்குச் சொந்தமில்லாத கப்பல்கள் அவனுக்குச் சுங்கம் செலுத்தாமல் சென்றுகொண்டிருந்தன. அயல்நாட்டார் முதலீட்டினால் ஒரு நாட்டிற் பாலமும் துறைமுகமும் இருப்புப்பாதையும் அமையும்போது, அந்நாட்டின் அரசியல் எவ்வாறு மாறுகிறது என்பதனை அறிய விழைவார்க்கு எகிப்தைப் போல விளக்கமான பாடநூல் வேறில்லை என்பது எம் கருத்து. அப்பாடநூலின் சில ஏடுகளை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

இருப்புப்பாதையும் கால்வாயும்

எகிப்துக்கு அயல்நாட்டுத் தொழில்நுட்பம் கால்வாயோடு முதன்முதல் வந்ததன்று. 1851இல் அந்நாட்டை ஆண்ட அப்பாஸ், அலெக்சாந்திரியாவிலிருந்து காய்ரோவுக்கு இருப்புப்பாதை அமைக்கும் பணியை ராபர்ட் ஸ்டீபன்சன் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞரிடம் ஒப்புவித்தார். பாதை 1856இல் காய்ரோவை அடைந்தது. 1858இல் சூயஸ் வரை நீண்டது. இதன் முறை கருதத்தக்கது. பொறியாளர் ஆங்கிலேயர், பொருள் கொடுத்தது எகிப்திய அரசு, பாதைக்கு உரிமையாளரும் எகிப்திய அரசே. இந்தியாவிலிருந்து ஐரோப்பா செல்வோர் சூயஸில் இறங்கி, இரயிலேறி, அலெக்சாந்திரியாவில் மீண்டும் கப்பலேறினர். அவர்கள் செலுத்திய கட்டணம் எகிப்தின் கருவூலத்தைச் சேர்ந்தது.

கால்வாயின் முறை இதற்கு நேர்மாறானது. எகிப்தில் நவீன ஆட்சியை நிறுவிய முகம்மது அலி, கால்வாய்த் திட்டத்திற்கு இசையவே இல்லை. துருக்கிக்குப் பாஸ்பரஸ் நீரிணை எவ்வாறு வல்லரசுகளின் கண்ணை உறுத்தும் பொருளாயிற்றோ, அவ்வாறே எகிப்துக்கும் ஆகிவிடும் என அவர் அஞ்சினார் என்பர். அவருடைய மகன் சயீத் பாஷா 1854இல் ஆட்சிக்கு வந்தார். அவருக்கு இளமையிலேயே பழக்கமான பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தாம் பெர்தினாந் தெ லெஸ்ஸெப்ஸ், பொறியாளர் அல்லர், தூதரகப் பணியிலிருந்து விலகியவர். நட்பின் உரிமையோடு அவர் கேட்டார். நட்பின் தாராளத்தோடு சயீத் கொடுத்தார். 1854 நவம்பர் 30ஆம் நாள் முதற் சாசனம் எழுதப்பட்டது. 1856 ஜனவரியில் அஃது இன்னும் விரிவாக எழுதப்பட்டது.

அச்சாசனத்தின் கூறுகளை நோக்குவோம். கால்வாய் திறந்த நாளிலிருந்து 99 ஆண்டுகளுக்கு அதனை நடத்தும் உரிமை நிறுவனத்திற்கு. நிகர இலாபத்தில் 75 விழுக்காடு பங்குதாரர்க்கு, 10 விழுக்காடு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்க்கு, 15 விழுக்காடு எகிப்திய அரசுக்கு. வேண்டிய அரசு நிலம் விலையின்றித் தரப்படும். நைல் ஆற்றிலிருந்து ஒரு நன்னீர்க் கால்வாய் வெட்டி, அதன் கரையிற் பாசனம் பெறும் நிலத்தையும் நிறுவனமே ஆளலாம். அந்நிலத்திற்குப் பத்தாண்டு வரியில்லை. தொழிலாளருள் ஐந்தில் நான்கு பங்கினர் எகிப்தியராயிருத்தல் வேண்டும். இறுதி விதி நாட்டு மக்களுக்கு வேலை தரும் நல்விதி போலத் தோன்றும். அதன் உண்மைப் பொருள் பின்னர்த்தான் தெரிந்தது.

இச்சாசனம் எழுதப்பட்டபோது எகிப்தில் மக்கள் மன்றம் எதுவும் இல்லை. ஒரு நாட்டின் மண்ணையும் நீரையும் ஆட்களையும் ஒரு நூற்றாண்டுக்கு ஈடு வைக்கும் முறியில் ஒரே ஒருவர் கையெழுத்திட்டார். நம் கட்டுரையின் உயிர்நிலை இதுவாதலின் வாசகர் இதனை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

பங்கும் உழைப்பும்

1858 டிசம்பரில் 20 கோடி பிராங்கு முதலில், ஒன்று 500 பிராங்கு மதிப்புள்ள 4 இலட்சம் பங்குகளோடு நிறுவனம் தொடங்கப்பட்டது. பெயர் 'அனைத்துலக' நிறுவனம். எனினும் பிரான்சைத் தவிர ஏனைய வல்லரசுகளின் மக்கள் பங்கு வாங்க முன்வந்திலர். விலைபோகாது நின்ற பங்குகள் யாவும் சயீத் தலையில் விழுந்தன. அவர் முன்னரே ஏற்றிருந்தவற்றோடு சேர்த்து எகிப்தின் பங்குகள் 1,77,000க்கு மேலாயின. இதனால் எகிப்து தனிப்பெரும் பங்குதாரர் ஆயிற்று. ஆயினும் எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்குப் பத்து வாக்குகளுக்கு மேல் இல்லை என்பது நிறுவனத்தின் விதி. பணச்சுமை மலையளவு, சொல்லுரிமை தினையளவு.

1859 ஏப்ரலில் போர்ட் சயீதில் முதல் மண்வெட்டி விழுந்தது. ஐந்தில் நான்கு பங்கு என்ற விதியின் பொருள் இப்போது விளங்கிற்று. அரசே ஊர் ஊராக ஆள் திரட்டி அனுப்பியது. மாதந்தோறும் ஏறத்தாழ 20,000 உழவர் பணியிடத்தில் இருந்தனர். அதே அளவினர் வரும் வழியிலும், அதே அளவினர் திரும்பும் வழியிலும் இருந்தனர். ஆக 60,000 பேர் தம் வயலைவிட்டு விலகியிருந்தனர். மண்வெட்டியும் கூடையுமே கருவிகள். கருவி இல்லாதவிடத்துக் கையே கருவி. இப்பணியில் 1,20,000 பேர் மாண்டனர் என்று 1956இல் அதிபர் நாசர் கூறினார். அத்தொகை மிகை எனக் கருதும் வரலாற்றாசிரியர் பலர். தொகை எதுவாயினும், அந்நினைவு எகிப்தியர் நெஞ்சில் நூறாண்டு ஆறாத புண்ணாக நின்றது என்பதில் ஐயமில்லை.

1863இல் ஆட்சிக்கு வந்த இஸ்மாயில், கட்டாய உழைப்பை நிறுத்தவும் நிலத்தை மீட்கவும் முற்பட்டார். நிறுவனம் இழப்பீடு கேட்டது. வழக்கைத் தீர்க்கும் நடுவராக அமர்ந்தவர் யார்? பங்குதாரருள் பெரும்பாலோர் எந்நாட்டினரோ அந்நாட்டின் பேரரசர், மூன்றாம் நெப்போலியன். அவருடைய அரசி யூஜினி, லெஸ்ஸெப்ஸின் உறவினர். 1864 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கட்டாய உழைப்பைக் கைவிடுவதற்கு 3 கோடியே 80 இலட்சம் பிராங்கு. நிலத்தைத் திருப்பித் தருவதற்கு 3 கோடி. நன்னீர்க் கால்வாய்க்கு 1 கோடியே 60 இலட்சம். ஆக 8 கோடியே 40 இலட்சம் பிராங்கு எகிப்து தரவேண்டும். தன் குடிமக்களைத் தானே கட்டாயப்படுத்தாமல் இருக்கும் உரிமையை ஒரு நாடு விலை கொடுத்து வாங்கியது! விலையின்றிக் கொடுத்த நிலத்தை விலை கொடுத்து மீட்டது!

இவ்விடத்து ஒன்றை நடுவுநிலையோடு சொல்லல் வேண்டும். அந்த இழப்பீட்டுக்குப் பின் நிறுவனம் நீராவியால் இயங்கும் தூர்வாரும் பொறிகளைக் கொணர்ந்தது. மனிதக் கைகளால் இயலாததனை அவை முடித்தன. பாலைவனத்தில் போர்ட் சயீதும் இஸ்மாயிலியாவும் புது நகரங்களாக எழுந்தன. ஒட்டகத்தின் முதுகில் நீர் சுமந்த இடங்களுக்கு நைலின் நீர் ஓடி வந்தது. இந்நன்மைகளை மறைப்பது வரலாறாகாது. ஆயின் 1869 நவம்பர் 17ஆம் நாள் பேரரசி யூஜினியின் கப்பல் முன்செல்லக் கால்வாய் திறக்கப்பட்டபோது, அந்நன்மைகளின் விலை இன்னும் முழுவதும் செலுத்தப்படவில்லை.

கைமாறிய பங்குகள்

திறப்புக்குப் பின் இந்தியப் பயணிகள் எகிப்தின் இரயிலில் ஏறவேண்டிய தேவை இல்லாது போயிற்று. கப்பல் நிற்காமலே சென்றது. ஆகவே கால்வாய் எகிப்துக்கு வருவாய் தருமுன் இருந்த வருவாயைக் குறைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலத்து உயர்ந்த பருத்தி விலையும் போர் முடிந்ததும் வீழ்ந்தது. இஸ்மாயிலோ பாலங்கள், பள்ளிகள், பாசனக் கால்வாய்கள், அரண்மனைகள் எனத் தேவையும் ஆடம்பரமும் கலந்து கடன்மேற் கடன் வாங்கினார். 1876இல் நாட்டின் கடன் ஏறத்தாழ 9 கோடிப் பவுன்.

இந்நிலையில் கால்வாய்ப் பங்குகள் என்னவாயின? 1869இலேயே நிறுவனத்தோடு இருந்த கணக்கைத் தீர்க்கும் பொருட்டு, 1894 வரை அப்பங்குகளுக்கு வரவேண்டிய ஆதாயத்தை இஸ்மாயில் நிறுவனத்திற்கே விட்டுக்கொடுத்திருந்தார். 1875 நவம்பரில் பங்குகளையே விற்றார். வாங்கியவர் பிரித்தானியப் பிரதமர் டிஸ்ரேலி, கடன் கொடுத்தது ராத்சைல்டு வங்கி, பங்குகள் 1,76,602, விலை 39,76,582 பவுன். மொத்தப் பங்குகளில் இது 44 விழுக்காடு. ஆதாயம் 1894 வரை இல்லையாதலால், அதுவரை விலைப்பணத்திற்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை விற்ற எகிப்தே செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். பொருளை விற்றவனே வாங்கியவனுக்கு வட்டி கட்டுவதை நம் ஊர் அடகுக் கடைகளிலும் காண்டல் அரிது. 1880இல் எஞ்சியிருந்த 15 விழுக்காட்டு இலாப உரிமையும் 2 கோடியே 20 இலட்சம் பிராங்குக்குப் பிரெஞ்சு வங்கி ஒன்றிடம் போயிற்று. தன் மண்ணில் ஓடும் கால்வாயில் எகிப்துக்கு ஒரு காசும் உரிமையில்லை என்றாயிற்று.

இதில் உறையும் அரசியல் உண்மை யாது? சயீத் முறி எழுதிக்கொடுத்தது ஒரு நண்பருக்கு. நண்பர் அதனை ஒரு நிறுவனமாக்கினார். நிறுவனத்தின் பங்கு ஒரு பேரரசின் கைக்குச் சென்றது. கையெழுத்திட்டது ஒருவரோடு, இருபது ஆண்டுகளுக்குப் பின் எதிரே நின்றவர் வேறொருவர். முதலீட்டாளர்க்கு வேண்டுவது இலாபம். பேரரசுக்கு வேண்டுவது வழி. இலாபம் விழைவோரைப் பணத்தால் தணிக்கலாம். வழி விழைவோர்க்கோ அவ்வழி செல்லும் நாடே அமைதியாக, அடங்கியதாக இருத்தல் வேண்டும்.

அரசு யாருக்கு விடை சொல்வது?

1876இல் கடன் கொடுத்தோர்க்காகக் காய்ரோவில் தனிக் கருவூலம் ஒன்று அமைந்தது. ஆங்கிலேயர் ஒருவரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் வரவு செலவுகளை மேற்பார்வையிட்டனர். எகிப்தின் சொந்தப் பொருளான இருப்புப்பாதையின் வருவாயும் கடனுக்கு ஈடாகி அயலார் மேலாண்மையின் கீழ்ச் சென்றது. உடைமை நம்முடையதாயினும் கடன் அளவு கடந்தால் அவ்வுடைமையும் நில்லாது என்பதற்கு இது சான்று. 1878இல் நிதிக்கு ஓர் ஆங்கிலேயரும் பொதுப்பணிக்கு ஒரு பிரெஞ்சுக்காரரும் அமைச்சராகவே அமர்ந்தனர். எதிர்த்து நின்ற இஸ்மாயிலை, 1879 ஜூனில் துருக்கி சுல்தானிடமிருந்து வந்த தந்தி ஒன்று 'முன்னாள் கதீவ்' என்று விளித்தது. அவர் நாடு நீங்கினார்.

ஆட்சியாளர் பணிந்தார், மக்கள் பணியவில்லை. சம்பளம் குறைந்த படைவீரர், வரி மிகுந்த உழவர், பதவி இழந்த அலுவலர், புதிதாகப் படித்த இளைஞர் ஆகிய பல தரத்தினரும் ஒன்றுபட்டனர். உழவர் குடியிற் பிறந்த படைத்தலைவர் உராபி பாஷா அவர்தம் குரலானார். 1882 தொடக்கத்தில் கூடிய பேரவை கேட்டது மிகச் சிறிது. கடனுக்கு ஒதுக்கிய தொகையை நாங்கள் தொடமாட்டோம். எஞ்சிய வரவு செலவை ஆராய்ந்து வாக்களிக்கும் உரிமை தருக என்பதே அது. இன்று எந்த நாட்டு மன்றத்திற்கும் இயல்பாக உள்ள உரிமை. அதற்கும் இலண்டனும் பாரிசும் இசையவில்லை. கதீவின் ஆட்சியைத் தாங்கி நிற்போம் எனக் கூட்டறிக்கை விடுத்தன.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1882 ஜூலை 11ஆம் நாள் பிரித்தானியக் கப்பற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கிற்று. கால்வாயை அடைத்துவிடுக என உராபிக்கு அறிவுரை கூறினோர் உண்டு. கால்வாய் நடுநிலையானது, எப்படையும் அதில் நுழையாது என லெஸ்ஸெப்ஸ் உறுதி கூறினார். அவ்வுறுதியை நம்பி உராபி காலம் தாழ்த்தினார். ஆகஸ்டு 20ஆம் நாள் பிரித்தானியர் கால்வாயைக் கைப்பற்றி, அதன் நடுவிலுள்ள இஸ்மாயிலியாவில் படையை இறக்கினர். வாணிகத்திற்கு வெட்டிய வழி, வெட்டிய நாட்டைப் பிடிக்கும் படைக்கு வாயிலாயிற்று. செப்டம்பர் 13ஆம் நாள் தெல் எல் கெபிர் என்னுமிடத்தில் எகிப்தியர் தோற்றனர்.

அந்தப் போர்க்களத்தில் நம்மவரும் இருந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படையில் சென்னை மாகாணத்தவரைக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் பிரிவும் சென்றது. 'தெல் எல் கெபிர்' அதன் போர்ச் சிறப்புகளுள் ஒன்று. படைச் செலவில் ஒரு பகுதி இந்திய மக்களின் வரிப்பணத்தில் சேர்ந்தது. தோற்ற உராபி பாஷா 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தார். அங்குள்ள தமிழ் பேசும் மக்கள் அவரை 'ஒறாபி பாஷா' என்றனர். கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வை, எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டு 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் அஃதொன்று. உராபியும் சித்திலெவ்வையும் இலங்கை முஸ்லிம்களின் கல்வி வளர்ச்சிக்கு உழைத்தவர்கள். எகிப்தின் தோல்வி இவ்வாறு நம் மொழியின் கரைவரை வந்து அலை மோதியது.

சிறிது காலமே தங்குவோம் என்று வந்த படை 74 ஆண்டுகள் தங்கியது. 1888இல் கான்ஸ்டான்டிநோபிள் உடன்படிக்கை, கால்வாய் போர்க்காலத்தும் அமைதிக்காலத்தும் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்திருக்கும் என்றது. கால்வாய்க்குச் சுதந்திரம் கிடைத்தது. கால்வாயின் நாட்டுக்குக் கிடைக்கவில்லை. 1915 பிப்ரவரியில் துருக்கியர் கால்வாயைத் தாக்கியபோது காத்து நின்றவரும் பெரும்பாலும் இந்திய வீரர்களே.

அவை கூடிய ஆண்டு

இனி இவ்வரலாற்றில் பலரும் எளிதிற் கடந்து செல்லும் ஓர் ஏட்டைக் காண்போம். சாசனத்தின் 99 ஆண்டுகள் 1968 நவம்பரில் முடியும். அதனை மேலும் 40 ஆண்டு, அஃதாவது 2008 வரை, நீட்டித்துக் கொள்ள நிறுவனம் விரும்பியது. அதற்கு ஈடாக 40 இலட்சம் பவுனைத் தவணைகளிலும், பின்னாளில் இலாபத்தில் சிறுசிறிதாக உயரும் ஒரு பங்கையும் தருவதாகக் கூறியது. பணமுடையில் இருந்த ஆட்சிக்கு அஃது இனிப்பாகவே இருந்தது. பேச்சு மறைவாக நடந்தது. 1909இல் தேசியக் கட்சித் தலைவர் முகம்மது பரீது அத்திட்டத்தைத் தம் நாளிதழில் வெளியிட்டார். நாடு கொதித்தெழுந்தது. 1910 பிப்ரவரியில் பிரதமர் பூத்ரோஸ் காலி ஓர் இளைஞனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவன் சுமத்திய குற்றங்களுள் கால்வாய்த் திட்டமும் ஒன்று. கொலை எக்காலத்தும் கொடிதே. அதனை யாம் போற்றவில்லை. எனினும் நாட்டின் உள்ளம் எந்நிலையில் இருந்தது என்பதற்கு அது சான்று.

வேறு வழியின்றி அரசு அத்திட்டத்தைப் பேரவையின் முன் வைத்தது. அவையின் முடிவை ஏற்பதாகவும் வாக்களித்தது. அவ்வவை அதிகாரம் மிக்கதன்று. அறிவுரை கூறும் அளவினது. நாடோ அயற்படையின் பிடியில். ஆயினும் ஏப்ரல் மாதத்தில் அவ்வவை நீட்டிப்பை ஏறத்தாழ ஒருமனதாக மறுத்தது. திட்டம் கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் பயனை எண்ணிப் பார்க்க வேண்டும். 1854இல் எவரையும் கேளாது எழுதிய முறி எகிப்தை நூறாண்டு வாட்டிற்று. 1910இல் கேட்டபோது, அடிமைப்பட்ட நாட்டின் வலுவற்ற அவை ஒன்று, இன்னும் பிறவாத தலைமுறைகளுக்காக 40 ஆண்டுகளைக் காத்துக் கொடுத்தது. மன்றத்திற்கும் மறைவிடத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முறி முடிந்த கதை

1937இல் நிறுவனம் எகிப்துக்கு ஆண்டுக்கு 3 இலட்சம் பவுன் தரவும், இயக்குநர் குழுவில் இரண்டு எகிப்தியரைச் சேர்க்கவும் இசைந்தது; 1949இல் மொத்த இலாபத்தில் 7 விழுக்காடு என்றாயிற்று. ஆனால் கால்வாய்ப் பகுதியில் படை இருந்தது. 1952 ஜனவரியில் இஸ்மாயிலியாவில் எகிப்தியக் காவலர் ஏறத்தாழ 50 பேர் பிரித்தானியப் படையால் கொல்லப்பட்டனர். மறுநாள் காய்ரோ தீப்பற்றி எரிந்தது. ஜூலையில் மன்னர் அரியணை இழந்தார். 1956 ஜூன் மாதத்தில்தான் இறுதி அயல்வீரன் கப்பலேறினான்.

அடுத்த மாதமே அஸ்வான் உயர் அணைக்கு உதவுவதாகச் சொல்லியிருந்த அமெரிக்காவும் பிரித்தானியாவும் பின்வாங்கின. அதனோடு உலக வங்கியின் 20 கோடி டாலர்க் கடனும் போயிற்று. ஜூலை 26ஆம் நாள் அலெக்சாந்திரியாவில் நாசர் பேசினார். உலக வங்கித் தலைவரின் எதிரே அமர்ந்தபோது லெஸ்ஸெப்ஸின் எதிரே அமர்ந்திருப்பதாகத் தமக்குத் தோன்றியது என்றார். லெஸ்ஸெப்ஸ் என்ற பெயரே கால்வாய் அலுவலகங்களைக் கைக்கொள்ளக் காத்திருந்த குழுவினர்க்குக் குறிச்சொல். ஆண்டுக்கு 3½ கோடிப் பவுன் ஈட்டும் நிறுவனம் எகிப்துக்கு 10 இலட்சமே தருகிறது என்றும் அவர் கணக்குக் காட்டினார்.

ஆகஸ்டில் இலண்டனில் 22 நாடுகள் கூடின. கால்வாயைப் பன்னாட்டு வாரியத்திடம் விடவேண்டும் என்று 18 நாடுகள் கூறின. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியத்து ஒன்றியம் ஆகிய நான்கும் அதற்கு உடன்படவில்லை. கால்வாயிற் செல்வோர்க்கு உரிமை உண்டு. ஆயின் கால்வாய் எகிப்தினுடையது என்பதே கிருஷ்ண மேனன் எடுத்துரைத்த இந்திய நிலை. செப்டம்பரில் ஐரோப்பிய வழிகாட்டிகள் ஒருசேர விலகியபோது, எகிப்தியரால் ஒரு கப்பலையும் செலுத்த இயலாது என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர், கப்பல்கள் ஓடின. அக்டோபர் இறுதியில் தொடங்கிய முந்நாட்டுப் படையெடுப்பு உலக நாடுகளின் எதிர்ப்பால் நின்றது. அமைதி காக்கச் சென்ற ஐ.நா. படையில் இந்தியரும் இருந்தனர். 1882இல் பிடிக்கச் சென்ற நாட்டிற்கு, 1956இல் காக்கச் சென்றனர்.

1958இல் எகிப்து 2 கோடியே 83 இலட்சம் எகிப்தியப் பவுன் ஈட்டுத்தொகை தர இசைந்து, தவணைகளில் அதனைக் கட்டி முடித்தது. 1959இல் அதே உலக வங்கி, கால்வாயை விரிவாக்க எகிப்தின் கால்வாய் வாரியத்திற்கு 5 கோடியே 65 இலட்சம் டாலர் கடன் கொடுத்தது. அயலார் பணம் அப்போதும் வந்தது. உடைமை மட்டும் மாறவில்லை.

அணையும் இதனையே காட்டுகிறது. சோவியத்துக் கடனாலும் பொறியாளராலும் 1960இல் தொடங்கிய உயர் அணை 1970இல் முடிந்தது. நுபிய மக்கள் பல்லாயிரவர் தம் ஊர்களை நீருக்குக் கொடுத்தனர். அவ்விழப்பு வேறொரு கட்டுரைக்கு உரியது. 1972இல் அதிபர் சாதாத், சோவியத்துப் படை ஆலோசகர்களை நாட்டைவிட்டு அனுப்பினார். அவர்கள் சென்றனர், அணை நின்றது. ஏனெனில் கடன் கொடுத்தவர்க்கு அணையில் முறி இல்லை. திருப்பிப் பெறவேண்டிய தொகை மட்டுமே இருந்தது.

நாம் கொள்ளத்தக்கது

அயல்நாட்டு முதலீடே வேண்டா என்பார் உளர். வந்தது யாவும் வரம் என்பாரும் உளர். எகிப்தின் வரலாறு இருவரையும் மறுக்கிறது. கெடுத்தது பணத்தின் நிறமன்று. எவ்வளவு காலம், எந்நிலம், எவர் உழைப்பு, எவர் நடுவர், உரிமை கைமாறினால் யாது செய்வது என்னும் வினாக்களை முறி எழுதும்போது கேளாமையே கெடுத்தது. அவ்வினாக்களைக் கேட்கும் இடம் மக்கள் மன்றம். மன்றத்திற்கு விடை சொல்லாத அரசு, நாளடைவில் கடன் கொடுத்தவர்க்கு விடை சொல்லும் அரசாக மாறிவிடுகிறது.

நமக்கு அருகிலும் இவ்வினாக்கள் ஓயவில்லை. 2017இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனம் ஒன்றுக்கு ஏறத்தாழ 112 கோடி டாலருக்குக் குத்தகையாகத் தரப்பட்டது. காலம் மீண்டும் 99 ஆண்டு. இலங்கையின் கடன்களுக்கு வேறு பல மூலங்களும் உண்டு. காலமும் உலகும் மாறியுள்ளன. ஆகவே இதனை மற்றொரு சூயஸ் எனல் பொருந்தாது. ஆயினும் 99 என்னும் எண்ணைக் கண்டவுடன் முறியின் ஏனைய வரிகளைப் படிக்கும் பழக்கம் நமக்கு வருமாயின், எகிப்திய உழவர் சிந்திய வியர்வைக்கு ஓரளவு பயன் உண்டு.

2014இல் சூயஸ் கால்வாய்க்கு இணையாகப் புதிய நீர்த்தடம் ஒன்று வெட்ட எகிப்து முடிவு செய்தபோது, பங்கு விற்க எவரும் பாரிசுக்குச் செல்லவில்லை. 12 விழுக்காடு வட்டியுள்ள பத்திரங்களை எகிப்திய அரசு தன் மக்களுக்கு விற்றது. ஏறத்தாழ 6,400 கோடி எகிப்தியப் பவுன் சில நாட்களில் திரண்டது. 2015 ஆகஸ்டில் தடம் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த வருவாய் முழுவதும் வந்ததா என்பதில் பொருளியல் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சொந்த மக்களிடம் வாங்கினும் கடன் கடனே. ஆனால் அக்கணக்கைக் கேட்கும் உரிமை இப்போது கரையில் நிற்பவனுடையது. சயீத் கையெழுத்திட்ட நாளில் அவனுடைய பாட்டனுக்கு இல்லாதது அவ்வுரிமையே.